ஹெப்சிபா டீச்சருக்குக் காது நன்றாகவே கேட்கும்

ஹெப்சிபாவின் காதில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஆரணியில் பாதிப் பேர் இன்றைக்கும் அதை நம்புவதில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தன் வீட்டில் படுத்தபடியே சொல்லக்கூடியவள் அவள். அப்படிப்பட்டவளின் காதுக்குள் வாயை வைத்து, “இப்ப கேக்குதா சிஸ்டர்?” என்று சர்ச் வாசலில் கத்தினால் எப்படி இருக்கும்? பற்றிக்கொண்டுதானே வரும்?

காது கேட்காமல் போனது அவளுடைய அப்பாவுக்கு. சத்தியராஜ் பவர்லூம் ஷெட்டில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். அவர் வீட்டு டிவி தெருமுனை வரைக்கும் கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது. பேரன் முதல்முதலாக “தாத்தா” என்று கூப்பிட்டபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், திரும்பவே இல்லை. அன்றைக்கு ஹெப்சிபா அடுப்படிக்குப் போய் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் ஆராய்ச்சி செய்தாள் என்று சொன்னால் தப்பில்லை.

ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் டீச்சர் அவள். ஷெட் ஷெட்டாக ஏறி இறங்கி, தறிச் சத்தத்தை அளந்து, தறி ஓட்டுகிறவர்களின் காதைச் சோதித்து, வெளிநாட்டு இதழ் ஒன்றில் கட்டுரை போட்டாள். அந்த ஆராய்ச்சிக்காகக் கல்லூரிக்கு ஒரு காது பரிசோதனை மெஷின் வந்தது. சனிக்கிழமைதோறும் துறையின் பின்பக்க அறையில் அதை வைத்துக்கொண்டு உட்காருவாள். யார் வேண்டுமானாலும் வந்து சும்மா சோதித்துக்கொண்டு போகலாம். ஷெட் முதலாளி ஜெயக்குமார் முதலில் அவளை உள்ளேயே விடாதவர். பிறகு அவரே சோதித்துப் பார்த்து, வலது காது போய்விட்டது என்று தெரிந்ததும் ஆடிப்போனார். மறுமாதமே தன் ஆட்கள் எல்லாருக்கும் ஹெட்போன் மாதிரி இருக்கும் காதுமூடி வாங்கி மாட்டிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து ஷெட்டுக்காரர்கள் வாங்கினார்கள். ஒரு கட்டுரையால் ஊருக்கு இதற்கு மேல் என்ன ஆகவேண்டும்?

ஆனால் ஆராய்ச்சி டீன் கோபிநாத்துக்கு இது போதவில்லை. ஒருநாள் அவளைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். ஒரு வட்டம், அதற்குள் ஒரு எண். இன்டர்நெட்டில் எத்தனை பேர் அந்தக் கட்டுரையின் லிங்க்கைப் போட்டுப் பேசியிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கும் ஸ்கோராம் அது. சமுதாயத்துக்கு என்ன பயன் என்பதை நிர்வாகம் இனி இதை வைத்துத்தான் முடிவு செய்யுமாம். அவளுடைய வட்டத்துக்குள் இரண்டு என்று இருந்தது.

“அந்த ரெண்டுல ஒண்ணு நான் போட்டது மேடம்” என்றார் கோபிநாத்.

“சார், ஜெயக்குமார் ஷெட்டுல எல்லாரும் மூடி மாட்டிகினு வேலை செய்றாங்க. நேர்ல வந்து பாருங்க.”

“நேர்ல பாத்தா ஸ்கோர் ஏறாது மேடம்.”

“ஊர் முழுக்க வாட்ஸ்அப்புல சுத்திச்சே சார்!”

“வாட்ஸ்அப் கணக்குல வராது.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இப்படியே இருந்தா மெஷினைச் சென்னைக் கிளைக்கு மாத்திடுவாங்க. ஏதாவது பண்ணுங்க. நாலு பேரை ஷேர் பண்ணச் சொல்லுங்க.”

மெஷின் போனால் சனிக்கிழமையும் போயிற்று. தறிக்காரன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேலூருக்குப் போய்க் காதைக் காட்டுவானா? காட்டமாட்டான். ஹெப்சிபாவுக்கு அது நன்றாகவே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, சபையின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டீவிடம் கேட்டாள். நல்ல பையன். “இன்னா சிஸ்டர் இதுக்குப் போய், ஜல்தியா போட்டுடலாம்” என்றான். போட்டும்விட்டான்.

போட்ட படத்தில்தான் வினை. மெஷினை எப்படி மாட்டிக்கொள்வது என்று காட்டுவதற்காக ஹெப்சிபாவே ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த படம் அது. மேலே, ‘காது கேளாமை: நம் சபையின் சகோதரி ஹெப்சிபா’. கீழே கட்டுரையின் லிங்க். அந்தப் பக்கத்தில் வாரம் தவறாமல் வருவது என்ன? ஆஸ்பத்திரிக் கட்டில், கையில் ட்ரிப்ஸ், ‘ஜெபிக்கவும்’. சனங்கள் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். லிங்க்கை ஒருத்தர் திறந்திருந்தால் கேளுங்கள்! ஆமென், ஆமென் என்று வரிசை கட்டி நின்றது. ‘கர்த்தர் உங்கள் செவிகளைத் தொடுவாராக சிஸ்டர்.’ ‘டாக்டர் கைவிட்டாலும் தேவன் கைவிடமாட்டார்.’ அத்தனை பேரும் மறக்காமல் ஷேர் செய்தார்கள்.

அந்த ஞாயிறு ஜெபராணி ஆன்ட்டி அவளைப் பிடித்து நிறுத்தி, இரண்டு காதிலும் எண்ணெய் தடவி, கண்ணில் தண்ணீர் வழிய ஜெபித்தார். ஹெப்சிபா சொல்லிப் பார்த்தாள். “ஆன்ட்டி, எனக்கு ஒண்ணும் இல்லை. அது ஆராய்ச்சி.” ஆன்ட்டி அவளைக் கட்டிக்கொண்டு, “விசுவாசம்னா இதுதாண்டி!” என்று காதுக்குள் கத்தினார். இந்த அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திட்டவும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் தலைத்துண்டை வீசி எறிந்தாள். கணவன் டேனி சிரித்ததற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டான். கோபம் தணிவதற்குள் போனை எடுத்துத் தன் பெயரிலேயே ஒரு போஸ்ட் போட்டாள். ‘என் காதுகள் நன்றாகக் கேட்கின்றன. காது கேட்காமல் போவது தறிச் சத்தத்தால். போன காது திரும்ப வராது, இருக்கிற காதைக் காதுமூடி மாட்டிக் காப்பாற்றலாம். சனிக்கிழமை வாருங்கள்.’ கீழே லிங்க்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான் நடந்தது. முதல் வரிக்கு மேல் யாரும் படிக்கவில்லை. நேற்று வரைக்கும் செவிடு, இன்றைக்குக் கேட்கிறதாம்! சாட்சி! அற்புதம்! ஒரு மாசத்துக்குள் வேலூர் போயிற்று, சென்னை போயிற்று, துபாயில் இருக்கும் தமிழ்ச் சபைகள் வரைக்கும் போயிற்று. வட்டத்துக்குள் இருந்த எண் கிடுகிடுவென்று ஏறி, கல்லூரியில் யாருக்கும் இல்லாத ஸ்கோராக நின்றது.

“தூள் கிளப்பிட்டீங்க மேடம்!” என்றார் கோபிநாத். “மெஷின் இங்கேயேதான். திங்கக்கிழமை கமிட்டி பாத்துக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

“சார், அதுல ஒருத்தர் கூடக் கட்டுரையைப் படிக்கலை. எனக்கு வியாதி குணமாச்சின்னு கும்பிட்டுகினு இருக்காங்க!”

“அதெல்லாம் ஸ்கோர்ல தெரியாது மேடம். அந்த போஸ்ட்டை மட்டும் எடுத்துடாதீங்க. எடுத்தா மொத்தமா இறங்கிடும்.”

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வெளியே வந்தாள். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதி. பொய்யைத் தான் சொல்லவில்லையே, மெஷின் இருந்தால் போதும், சனங்கள் என்னவோ நினைத்துக்கொண்டு போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் வராந்தாவைத் தாண்டி நின்றது. தேவிகாபுரம், சந்தவாசல் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். பாதிப் பேர் மெஷினைத் திரும்பியே பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, கை வைக்கச் சொல்லிக் காட்டினார்கள். “முதல்ல ஹெட்போனை மாட்டுங்க” என்று கரடியாய்க் கத்தி ஒவ்வொருவரையும் உட்காரவைத்தாள்.

நடுவில் வேணுகோபால் வந்தான். பெரணமல்லூர்க்காரன், ஜெயக்குமார் ஷெட்டில் தறி ஓட்டுகிறவன், காதுமூடியை முதலில் மாட்டியவர்களில் ஒருத்தன். போன தடவை சோதித்தபோது பாதிக் காதாவது மிச்சம் இருந்தது. இப்போது சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாள், அவன் விரலைத் தூக்கவே இல்லை.

பவர்லூம் ஷெட்டில் யாரும் குரலை நம்பிப் பேசுவதில்லை, உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அவளும் அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். “மூடி எங்க?”

“கழட்டிட்டேன் டீச்சர்” என்றான் வேணுகோபால் உரத்த குரலில், முகமெல்லாம் சிரிப்பாக. “உங்களுக்குக் காது வந்துடுச்சின்னு போன்ல போட்டாங்களே. எம் பொண்டாட்டியும் உங்க சர்ச்சுக்குப் போய் வேண்டிகினா. அப்புறம் இன்னாத்துக்கு மூடி? ஷெட்டுல எல்லாருமே கழட்டிட்டாங்க.”

எல்லாருமேவா? எத்தனை நாள் கெஞ்சி, எத்தனை பேரிடம் பேச்சு வாங்கி மாட்டவைத்த மூடி!

“எனக்குக் காது என்னைக்குமே நல்லாத்தான் இருந்துச்சி” என்று உதட்டால் மெதுவாகச் சொன்னாள். “போனது வராதுங்க. எனக்கு ஒண்ணும் நடக்கலை.”

அவன் அவளுடைய வாயையே பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“அதைப் போன்ல போட்டிருக்கலாமே டீச்சர்.”

“அதைத்தான் போட்டேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு மேல் என்ன சொன்னாலும் அவனுக்குப் போய்ச் சேராது. அவன் நிமிர்கிற வரைக்கும் அவள் காத்திருந்தாள். பிறகு போனை எடுத்து, அந்த போஸ்ட்டைத் திறந்து, அவன் பார்க்கும்படி பிடித்து அழித்தாள். ஸ்டீவைக் கூப்பிட்டுச் சபைப் பக்கத்தில் இருப்பதையும் எடுக்கச் சொன்னாள். “இன்னாச்சி சிஸ்டர்?” என்றான். “எடு ஸ்டீவ், புண்ணியமாப் போகும்” என்றாள்.

சாயங்காலத்துக்குள் கோபிநாத் போன் செய்துவிட்டார். “மேடம், ஸ்கோர் இறங்கிகினே போவுதே! போஸ்ட்டை எடுத்துட்டீங்களா? திங்கக்கிழமை கமிட்டி இருக்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“எடுத்துட்டேன் சார். மெஷினை ஏத்த வண்டி எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் டெஸ்ட் பண்ணிகினு இருக்கேன்.”

போனை வைத்துவிட்டு, வராந்தாவில் நின்றிருந்த அடுத்த ஆளை உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள்.