மூன்றாம் பிரதியின் திருத்தச் சீட்டு

சட்டக் கல்லூரி நூலகத்தில் அவளுக்குக் கோந்து மேடம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மாணவர்கள் வைத்த பெயர்தான். போகப்போக முகத்துக்கு நேராகவே கூப்பிடும் அளவுக்குச் செல்லமாகிவிட்டது. வேலை அப்படி. சட்டம் போடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? இன்றைக்கு ஒரு வரியை எடுப்பார்கள், நாளைக்கு ஒரு வரியைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் புதுப் புத்தகம் வாங்கக் கல்லூரிக்கு வக்கில்லை. பதிப்பகம் திருத்தச் சீட்டுகளை உறையில் போட்டு அனுப்பும். அவள் அவற்றை அளவாக வெட்டி, பழைய பிரிவின்மேல், இடது ஓரத்தில் மட்டும் மெல்லிசாகக் கோந்து தடவி ஒட்டுவாள். சீட்டைத் தூக்கினால் அடியில் பழைய சட்டமும் தெரிய வேண்டும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அதுவும் தேவை. பக்கத்திலேயே தன் சுருக்கொப்பம், தேதி. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சீட்டு கோணலாகப் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் கணவர் அதே கல்லூரியில் மாலை வகுப்பு எடுக்கும் பகுதி நேர விரிவுரையாளர். கூட்டாண்மைச் சட்டம் நடத்துவதால் கூட்டாளி சார். குடும்பத்துக்கே பட்டப்பெயர் யோகம்! பதினோரு வருடமாக ஒரே ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுதார் மனுஷன். நாலு பேர் கூட்டாகத் தொழில் நடத்துகிறார்கள். அதில் ஒருவர் விலகுகிறார். விலகியதை முறைப்படி ஊரறிய அறிவிக்க மறந்துவிடுகிறார். மற்ற மூவர் பிறகு செய்கிற தப்புக்கெல்லாம் அவர் சாகிறவரை பதில் சொல்ல வேண்டுமா? ஆமாம் என்றது சட்டம். அநியாயம், மூன்று வருடத்தோடு அவரை விட்டுவிட வேண்டும் என்றார் கூட்டாளி சார். அதுதான் ஆய்வேடு. முனைவர் பட்டம் வந்தால் நிரந்தர வேலை. ஆனால் ஐம்பது வயதுக்குள் வர வேண்டும். ஆய்வேட்டைக் கொடுத்து வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தபோது அவருக்கு ஐம்பதாக இன்னும் பத்தே மாதம் இருந்தது.

நூலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும். அவருக்கோ அப்போதுதான் வகுப்பு தொடங்கும். உட்கார்ந்து படிக்க நேரமே இல்லை என்று அவர் புலம்பியதைக் கேட்கப் பொறுக்காமல், எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். கூட்டாண்மைச் சட்டப் புத்தகத்தின் மூன்றாம் பிரதியைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெளியே கொண்டுபோகவே கூடாத புத்தகம் அது. பதிவேட்டில் 'பைண்டிங்குக்குப் போயிருக்கிறது' என்று எழுதினாள். எட்டு வருடமாக ஒரு புத்தகத்துக்கு பைண்டிங்! யாரும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. சீட்டு வரும்போதெல்லாம் வாசகத்தைப் படிக்காமல் பிரிவு எண்ணை மட்டும் பார்த்து இரண்டை நூலகத்தில் ஒட்டிவிட்டு, மூன்றாவதை வீட்டுக்கு எடுத்து வந்து ஒட்டுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அப்படி வந்தபோது அவர் காய்ச்சலில் கிடந்தார். புத்தகம் நெஞ்சின்மேல் திறந்தபடி இருந்தது. மூன்று நாள் கழித்து அன்றுதான் கண்ணயர்ந்திருந்தார். பாவம், எழுப்புவானேன், நாளைக்கு ஒட்டலாம் என்று விட்டுவிட்டாள். அந்த வாரமே கைப்பையின் ஜிப் பிய்ந்துபோக, வேறு பைக்கு மாறினாள். பழைய பை அலமாரிக்கு மேலே போனது. சீட்டும் அதோடு போனது.

வாய்மொழித் தேர்வுக்குக் கூடம் நிறைந்திருந்தது. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தன்மையான மனிதர். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"சார், நீங்க கேக்கற மாற்றம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்துடுச்சே? மூணு வருஷம்னு சட்டத்துலயே போட்டாச்சே. நீங்க பாக்கலையா?"

யாரோ களுக்கென்று சிரித்தான். பிறகு கூடமே சிரித்தது. நெறியாளர் எப்படிக் கோட்டைவிட்டார் என்று கேட்காதீர்கள். அவர் பொருளடக்கத்தைத் தாண்டியிருக்க மாட்டார். மாணவர்கள் படிப்பதோ அதைவிடப் பழைய நோட்ஸ். அவளுக்கு அலமாரிக்கு மேலே கிடந்த பழைய பை நினைவுக்கு வந்தது. கணவர் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "என் கவனக்குறைவு, சார்" என்றார்.

அவள் வீட்டுக்கு ஓடி, பழைய பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அவர் செருப்பைக் கழற்றும்போதே சீட்டை நீட்டினாள்.

"ஏங்க, நான்தான் ஒட்டாம விட்டுட்டேன். நான்தான் பாவி."

அவர் நின்றபடியே அதை இரண்டு தடவை படித்தார். "நல்லா எழுதியிருக்கான்" என்றார். "நான் கேட்ட மாதிரியேதான் எழுதியிருக்கான்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"இப்ப என்ன பண்றது?"

"லைப்ரரி புத்தகத்துல திருத்தம் இல்லைன்னு நாளைக்குள்ள எழுதிக் குடுத்தா ஆறு மாசம் டைம் தருவாங்களாம். அந்த அத்தியாயத்தை மாத்தி எழுதலாமாம்."

"அப்ப எழுதுங்க! இன்னும் என்ன யோசனை?"

"லைப்ரரில இருக்கற ரெண்டுலயும் திருத்தம் இருக்கு, எந்தப் புத்தகம்னு கேப்பாங்க. பைண்டிங்ல இருந்த புத்தகத்தை நீ எப்படிப்பா படிச்சேன்னு கேப்பாங்க. உன் வேலை போயிடும்."

"போனா போகட்டும்."

"வீடு உன் சம்பளத்துல ஓடுது. தெரியாத மாதிரி பேசாத."

"பதினோரு வருஷங்க!"

அவர் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவர் எழுதாவிட்டால் என்ன, தான் எழுதிக் கொடுக்கலாமே. நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் ஒரு தாளில் எழுதினாள். காலையில் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. நடக்கப் போயிருப்பார் என்று நினைத்துப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாள்.

"இப்பத்தாம்மா சார் வந்து லெட்டர் குடுத்துட்டுப் போனார்" என்று எழுத்தர் எடுத்துக் காட்டினார். நூலகத்தின் மூன்று பிரதிகளிலும் திருத்தம் ஒட்டப்பட்டிருந்தது, கவனிக்காதது முழுக்க என் பிழை, ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

மூன்று பிரதிகளிலுமா? தன் தாளைக் கொடுக்காமலேயே நூலகத்துக்கு ஓடினாள். காலையில் கூட்டுவதற்காகத் திறந்த நேரத்தில் அவர் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்; மூன்றாம் பிரதி அலமாரியில் தன் இடத்தில் சமர்த்தாக நின்றது. எடுத்துப் பிரித்தாள். சீட்டு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, முழுத் தாளுக்கும் கோந்தை அப்பி, ஓரத்தில் பிதுங்கி வழிந்து, பழைய சட்டத்தை இனி யாரும் தூக்கிப் பார்க்க முடியாதபடி ஒட்டியிருந்தார். ஓரத்தில் அவளுடைய சுருக்கொப்பம். இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. எழுத்து மட்டும் அவருடையது.

அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று வருடா வருடம் வகுப்பில் முழங்குகிற ஆள்! இனி அவள் உண்மையைச் சொன்னால் அவர் பொய்க் கையெழுத்துக்காரர் ஆவார்; இருக்கிற பகுதி நேர வேலையும் போகும். அவள் வாயைக் கட்டிப்போட்டுவிட்டார். அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அழுதாள். எழுதிக் கொண்டுவந்த தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தாள். யார் வீட்டிலோ சாவு என்று நினைத்து மாணவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

மாலையில் வகுப்புக்குப் போகும் வழியில் அவர் நூலகத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா?"

"கோணலா ஒட்டியிருக்கீங்க" என்றாள்.

"அவசரம்ல" என்றார். "நேரமாச்சு, வரேன்."

நூலகத்தைப் பூட்டிவிட்டுப் போகும்போது அவர் குரல் கேட்டது. வகுப்பு வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்றாள். விலகிய கூட்டாளியின் பொறுப்பு பற்றித்தான் பாடம். மூன்று வருடத்தோடு முடிந்துவிடும் என்று புதுப் பிரிவை நிதானமாக நடத்திக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், இப்படி மாத்தணும்னு மொதல்ல யார் சார் கேட்டாங்க?"

அவர் சாக்பீஸை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியலைம்மா" என்றார் அவர். "யாரோ ரொம்ப நாள் யோசிச்சிருக்காங்க. நீ எழுதிக்கோ."

தாழ்வாரத்தில் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.