மதிலுக்கு மேலால வந்த பார்சல்

இன்னைக்குக் காலையில பார்சல் கொண்டுவந்த தம்பி ஃபோன் எடுத்தாரு. "அக்கா, மேப் இங்கதான் காட்டுது. ஆனா முன்னால மதில் இருக்கே!"

எங்க வீட்டுப் பின்மதில்தான். அவர் அந்தப் பக்கத்து முட்டுச்சந்துல நின்னாரு.

ஸ்டூல் போட்டு ஏறினேன். அந்தப் பக்கம் கதிரைமேல ஏறிப் பார்சலை நீட்டினது பஸ்லியா ராத்தா, எனக்குக் கூடப்பிறக்காத அக்கா! அவங்க வீட்டுலதான் தம்பி வழி கேட்டிருக்காரு. என் பேரைக் கேட்டதும் ராத்தாவே வந்துட்டாங்க.

மதிலுக்கு அந்தப் பக்கம் முந்தி மிளகுக் காணி. அதுக்குள்ளால நடந்து, அடுப்புல கறி கொதிக்கிறதுக்குள்ள ராத்தா வீட்டுக்குப் போயிட்டு வந்துடுவேன். காணியைத் துண்டு போட்டு வித்தாங்க. அவங்களுக்கு ஒரு ரோடு, எங்களுக்கு ஒரு ரோடு, ரெண்டும் பக்கத்துல எங்கேயும் சேராது. இப்ப மாத்தளை டவுனைச் சுத்தி ஓட்டோவுல போகணும். நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னே ரெண்டு பெருநாள் போயிருச்சு.

"என்ன தங்கச்சி, முடியெல்லாம் நரைச்சிருச்சே?"

"நீங்க எப்ப ராத்தா கண்ணாடி போட்டீங்க?"

பார்சலை வாங்கின பிறகும் ரெண்டு பேரும் கீழ இறங்கல.

"லொகேஷன் பிழை, திருத்துங்க அக்கா"ன்னு சொல்லிட்டுப் போனாரு தம்பி.

திருத்தப் போறதில்ல. அடுத்து என்ன ஆர்டர் பண்ணலாம், சொல்லுங்க.