அக்கா போடாத கையெழுத்து

எங்கள் அக்கா இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. சேதராப்பட்டுக் கம்பெனியில் ஒரு வாரம் யாருமே அவரோடு பேசாமல் இருந்தது ஏன் என்று உறவினர்கள் பலருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. நானும் அங்கே தையல் வேலையில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கதிர்காமத்தில். அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடப்பட்டபோது அக்கா பிளஸ் டூ முடித்திருந்தார். வாங்கி வைத்த கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பாமல், சேதராப்பட்டில் சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களைத் தட்டிக் கழித்தார். என்னைப் படிக்க வைக்கப் பார்த்தார். நான் படிப்பை விட்டு அதே கம்பெனிக்கு வந்ததில் அவருக்குத் தீராத வருத்தம். தரம் பார்க்கும் பிரிவுக்கே பின்னாளில் அவர் பொறுப்பாளர் ஆனார்.

அண்டை நாட்டுச் சட்டைகள் வரியில்லாமல் வந்து, எங்கள் விலைக்குக் கீழே விற்கத் தொடங்கின. உள்ளூர் ஆர்டர்கள் நின்றுபோயின. மிஞ்சியது ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் ஆர்டர். துணி இந்தியாவில் நெய்ததாக இருந்தால்தான் அவர்களுக்கு வரிச்சலுகை. நெருக்கடியில் முதலாளி மலிவான வெளிநாட்டுத் துணியை இறக்கிவிட்டார். அது இங்கே நெய்தது என்று அக்கா கையெழுத்துப் போட வேண்டும்.

முதலாளி கெட்டவர் அல்லர். இந்தச் சரக்கு போகாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்று கலங்கிச் சொன்னாராம்.

"துணிக் கட்டப் பிரிச்சதே நான்தான் சார். எங்க நெய்ததுன்னு பாத்துட்டு எப்படிப் போடறது?" என்று அக்கா எழுந்து வந்துவிட்டார்.

மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட வசந்தி, டிபன் பாக்ஸோடு வேறு பெஞ்சுக்குப் போனார். வீடு திரும்பும் பஸ்ஸில் நானும் விடவில்லை.

"போட்டுடேன்க்கா. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"நம்ம நெசவு பொழைக்கணும்னுதான் அந்தச் சலுகை. நாமளே பொய் சொன்னா அது எல்லாருக்கும் போயிடும்டி."

"அதுக்கு எங்க பொழப்பு போவணுமா?" என்றேன். அந்த வாரம் முழுக்க வீட்டிலும் நான் அவரோடு பேசவில்லை.

அக்கா விடுப்புப் போட்டுவிட்டு ஈரோட்டுப் பக்கம் போனார். இறக்குமதித் துணியால் தறிகளை நிறுத்தி வைத்திருந்த ஒருவரைப் பிடித்து, அதே ரகத் துணியை விரைவில் நெய்து தரச் சம்மதிக்க வைத்தார். மாதிரித் துண்டை முதலாளி மேசையில் வைத்தார். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, வெளிநாட்டு நிறுவனத்துக்கு உண்மையை எழுதி, சரக்கு அனுப்பக் கால அவகாசம் கேட்டார். பாதி ஆர்டரை ரத்து செய்தார்கள், மீதியை ஏற்றார்கள். கம்பெனி மூடப்படவில்லை. ஆனால் சிலருக்கு வேலை போனது. அதில் வசந்தியும் ஒருவர்.

பிறகு அக்கா நோயில் விழுந்தார். அது முற்றி அவர் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவர் அந்த வசந்திதான்.

"எம்மேல கோவம் இல்லியா?" என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

"இருக்குதுக்கா. அதுக்காவ கஞ்சி குடுக்காம இருப்பனா? குடி."

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஈரோட்டிலிருந்து இறுதிச் சடங்குக்கு வந்த தறிக்காரர் குடும்பத்துக்கும், அன்று வேலையை நிறுத்தி எல்லோரையும் அனுப்பிவைத்த முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வசந்திக்கு இன்னும் நிலையான வேலை கிடைக்கவில்லை. இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது நன்றாகத் தைக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டால் என்னிடம் சொல்லுங்கள். கடைசி நாள்களில் அக்கா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

— தங்கை