பதினேழாவது கரண்டு

என் மனைவியின் இடது மார்பை அறுத்தெடுத்த பிறகு, இருபது தடவை கரண்டு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். கதிர் வைத்தியத்தை எங்கள் ரப்பர் தோட்டத்தில் அப்படித்தான் சொன்னோம். வாரத்துக்கு மூன்று. பெடாஸைத் தாண்டிய எங்கள் தோட்டத்திலிருந்து லோரியில் சிரம்பான், அங்கிருந்து ரயிலில் பட்டணத்து ஆஸ்பத்திரி.

பத்தாவதில் தோல் சிவந்தது. பதின்மூன்றாவதில் கறுத்து அரித்தது. பதினாறாவது முடிந்தபோது அக்குள் ஓரம் உரிந்து நீர் கசிந்தது, என் உள்ளங்கையில் பாதி அகலம். தினமும் கையை அருகில் பிடித்து அளந்தேன். தண்ணீர், சோப்பு, எண்ணெய் எதுவும் ஆகாது, காய்ந்த இடத்தில் மாவுப் பவுடர் மட்டும் லேசாகத் தூவலாம் என்றாள் நர்ஸ். "புண்ணு பெருசானா நிறுத்திடுவாங்க" என்றும் சொன்னாள். பாக்கி நான்கு. அந்த நான்கும் தவறக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

பதினேழாவதுக்குப் புறப்பட்ட காலை, லோரிக் குலுக்கலில் உராயுமோ என்று பயந்து பவுடரை அள்ளிக் கொட்டி, நான்காக மடித்த துணியை அதன்மேல் வைத்தேன். வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டத்தில் அரிசி, மாவு, சீனி எதுவும் குடியிருப்பைச் சுற்றிய முள்வேலிக்கு வெளியே போகக்கூடாது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும். அந்த அறிவிப்பைத் தமிழில் எழுதி ஒன்பது லய வீட்டு வரிசைகளிலும் ஒட்டிய தோட்டத்து ஆபீஸ் கிராணி நான்தான். எனக்கே உறைக்கவில்லை.

கேட்டில் பெண்களைச் சோதிப்பவள் அன்று புதியவள்.

"என்னாடி இது, ஒரு பக்கம் மட்டும் பொதி கட்டியிருக்க?"

"புண்ணுக்கா. கை வைக்காதீங்க."

"போன வாரம் ஒருத்தி புள்ளத்தாச்சின்னா. அவுத்துப் பாத்தா அரிசி."

ரவிக்கைக்குள் கையை விட்டு இழுத்தாள். துணியோடு தோலும் வந்தது. வெள்ளைப் பொடி தரையில் கொட்டியது. "தெப்போங்" என்றான் போலீஸ்காரன். மலாயில் மாவு.

என் மனைவி குனிந்து வாந்தி எடுத்தாள். நான் சோதனைக்காரியை இரண்டு அறை அறைந்தேன். மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது துப்பாக்கிக் கட்டை வாயில் இறங்கியது. மூன்று பற்கள் போயின. விழுந்த பிறகு ஐந்து உதை. ஆறாவதுக்குள் அவள் குறுக்கே வந்து முந்தானையை விலக்கினாள். நெடுந்தழும்பைச் சுற்றிக் கருகிய தோல், அதன் ஓரத்தில் பச்சைச் சதை, ரத்தத்தில் குழைந்த மாவு.

"பாத்துக்குங்க. இதத்தான் காட்டுக்குக் கொண்டு போறேன்."

சோதனைக்காரி விரல்களைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். பார்த்ததும் டாக்டர் கரண்டை நிறுத்திவிட்டார், ஆறினால்தான் மற்றது என்று. ஆற முப்பத்துநான்கு நாள் ஆனது. அதில் பதினொரு நாள் நான் லாக்கப்பில்.

மறுபடி தேதி கிடைத்ததும் நான் சட்டையை மாட்டினேன்.

"நீங்க வரவேணாம்" என்றாள். "ஒங்க கை ரெண்டும் இங்கயே இருக்கட்டும்."

நான்கு தடவையும் அவள் தனியாகத்தான் போய் வந்தாள்.