லை தீர்ந்த வாரம்

1959, ஐப்பசி இரண்டாம் சனி. என் குறிப்பேட்டில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான்: "மழை விட்டு வெயில். லை போதவில்லை. வராது என்று மாற்றினேன்."

ஆவூரில் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். சனிக்கிழமைதோறும் புதுக்கோட்டையில் பஸ் மாறித் திருமயம் போய், நான்கு பக்க வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் புரூஃப் பார்ப்பேன். அதை நடத்திய ஆசிரியர், எழுத்துக் கோக்க ஒரு கம்பாசிட்டர், காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் அச்சு இயந்திரம், அவ்வளவுதான் அந்தப் பத்திரிகை. மழை விட்ட நாட்களில் ஜன்னலுக்கு வெளியே கோட்டைப் பாறை தரையைத் தொடாமல் நிற்பதுபோல் தோன்றும். ஈய எழுத்துகளை வலமிருந்து இடமாக ஒரு மணி நேரம் படித்துவிட்டுத் தெருவைப் பார்த்தால், ஆடுகள்கூடப் பின்னோக்கி நடப்பதாகப் படும்.

புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் பத்திரிகைகள் எப்படி இருக்கின்றன என்பதை ஆயிரம் பேருக்கு எத்தனை பிரதி என்று எண்ணிச் சொல்லும் கட்டுரைகளை அப்போது நிறையப் படித்தேன். அந்தக் கணக்கில் எங்கள் பத்திரிகை அகப்படாது. பஸ்ஸில் அரைக்கண் மூடிக்கொண்டு நானே ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன்: ஒரு வாரத்தில் அது எத்தனை முறை 'இல்லை' என்று சொல்கிறது? டாக்டர் வரவில்லை, பாலம் கட்டவில்லை, விளக்கு எரியவில்லை. திருவிழாவும் வாழ்த்துமாக நிரம்பிய வாரங்களில் அதற்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவைப்பேன்.

அந்நாளில் 'லை'யின் ஐகாரம் முன்னால் தனியே நிற்காது. யானைத் தும்பிக்கைபோல் எழுத்தோடு ஒட்டியிருக்கும். அதற்கென்றே தனி ஈயத் துண்டு. தும்பிக்கைதான் முதலில் உடையும். ஐகாரக் கொம்பையும் ல-வையும் பக்கம் பக்கமாக வைத்துக் கோத்தால் ஊர் சிரிக்கும்.

அன்று கடைசிச் செய்தி: மேலக் கண்மாய் நிறைந்து வழிகிறது, ஒப்பந்தக்காரர் வரத்து வாய்க்காலைப் பாதியில் விட்டதால் கீழக் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை.

"லை தீந்துபோச்சு வாத்தியாரே" என்றார் கம்பாசிட்டர். ஜெகதாப்பட்டினத்துக்காரர். "இனிமே நம்ம பத்திரிகையில இல்லைங்கிற பேச்சே இல்லை."

ஆசிரியர் வெளியே போயிருந்தார். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "வராதுன்னு போடுங்க பாய், ஒண்ணுதானே" என்றேன்.

ஒன்றல்ல என்பது அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. கீழக் கண்மாய் ஊரிலிருந்து ஒரு பெண் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"வராதுன்னு போட்டிருக்கீங்க. அதை வாசிச்சுட்டு எங்க ஊர்ல ஒருத்தரும் நாத்து விடலைங்க. நெசமாவே வராதா?"

"வரலைன்னுதாம்மா எழுதுனேன்" என்று சொன்ன ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்ப வருமா?"

"வாய்க்காலை வெட்டுனா வரும்."

"அதைப் போடுங்க. பருவம் போயிருச்சுன்னா நாத்து விட்டும் பிரயோசனமில்லைங்க."

அவர் போய்ச் சிறிது நேரத்தில் ஒப்பந்தக்காரர் வந்தார். டூரிங் டாக்கீஸும் அவருடையதே. அதன் வாராந்தர நோட்டீஸ்தான் எங்கள் இயந்திரத்துக்கு நிரந்தர வேலை. அது நின்றால் பத்திரிகை தள்ளாடும்.

"என்னங்க, தண்ணி வராதுன்னு ஜோசியம் சொல்ல ஆரம்பிச்சுட்டீங்களாம்?" என்று சிரித்தார். "போன வாரச் செய்தி தப்புன்னு ஒரு வரி போட்டுருங்க. நோட்டீஸு எப்பவும்போல இங்கிட்டே வரும்."

"தப்பு ஒரு சொல்லுலதாங்க. செய்தியில தப்பில்லை" என்றார் ஆசிரியர்.

"அந்தச் செய்தியா, நோட்டீஸா, ரெண்டுல எதுன்னு யோசிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

ஆசிரியர் நின்றபடியே எழுதினார்: 'சென்ற வாரம் வராது என்று அச்சானது எங்கள் பிழை. தண்ணீர் இன்னும் வரவில்லை. வாய்க்கால் இன்னும் வெட்டப்படவில்லை. வெட்டினால் வரும்.'

கம்பாசிட்டர் வாசித்தார். "ரெண்டு லை வேணும் மொதலாளி. மத்த பக்கமெல்லாம் மெஷின்ல ஏறிருச்சு."

சுவரோரம் டாக்கீஸ் நோட்டீஸின் எழுத்துகள் கோத்தபடியே கயிற்றால் கட்டிவைக்கப்பட்டிருந்தன. வாராவாரம் படத்தின் பெயரை மட்டும் மாற்றுவோம். அதில் 'மாலைக் காட்சி' என்று இரண்டு இடத்தில் வரும். கம்பாசிட்டர் அதைப் பார்த்தார். பிறகு ஆசிரியரைப் பார்த்தார்.

"எடுங்க" என்றார் ஆசிரியர்.

"மாலைக் காட்சியில மாவும் காட்சியுந்தான் மிச்சம்" என்று சொல்லிக்கொண்டே அவர் கயிற்றை அவிழ்த்தார். நான் திருத்தத்தை மூன்று முறை படித்தேன். வெளியே வெயிலோடு தூறல் விழுந்தது. ஈயத்தில் தலைகீழாகக் கிடந்த அந்தச் சொற்கள் நீருக்கடியில் இருப்பவைபோல் தெரிந்தன.

டாக்கீஸ் வேலை காரைக்குடிக்குப் போய்விட்டது. பத்திரிகை இரண்டு பக்கமாகச் சுருங்கி, அறுபதுகளின் தொடக்கம்வரை வந்துகொண்டிருந்தது. கார்த்திகையில் பஸ்ஸிலிருந்து கீழக் கண்மாயைப் பார்த்தேன். நீரில் வானம் கிடந்தது. கரைக்கு அப்பால் நாற்றங்கால் பச்சை.

வாய்க்காலை வெட்டியது ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்று சிலரும், எங்கள் திருத்தத்தை வாசித்துவிட்டு ஊராரே மண்வெட்டியோடு இறங்கினார்கள் என்று சிலரும் சொன்னார்கள். இரண்டுக்கும் எழுத்துச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை. எது உண்மை என்பது இதை எழுதும்வரை சரிபார்க்கப்படவில்லை.