கெங்கம்மாளும் கிழிந்த ஸ்பீக்கரும்

கெங்கம்மாள் என் அண்ணன் தேசப்பனின் மனைவி. ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டி இருக்கிற எங்கள் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒப்பாரி சொல்வதில் அவளுக்கு மேல் சுற்றுவட்டத்தில் ஆள் கிடையாது. மற்றப் பெண்கள் அழுதால் குரல் மேலே ஏறும். அவள் குரல் கீழே இறங்கும். கிணற்றுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு நம் பெயரைச் சொல்வது போல இருக்கும். கேட்டால் முதுகுத்தண்டு சில்லிடும்.

சாவு வீடுகளில் அவளைத் தலைமாட்டில் உட்கார வைப்பார்கள். கல்யாண வீடுகளில் அடுப்பங்கரைக்கு அனுப்பிவிடுவார்கள். எதிர்வீட்டுச் செல்வியின் கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது அண்ணி ஆசையாக ஒரு பாட்டை எடுத்தாள். இரண்டு வரிகூடப் போகவில்லை. செல்வியின் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா தாயே, நீ கம்முனு குந்து. மாப்ள ஊட்டுக்காரங்க பயப்படறாங்க."

"பயப்படட்டும். நாளைக்கி ஒண்ணுன்னா என்னத்தான கூப்புடணும்" என்றாள் அண்ணி. ஆனால் பாட்டை நிறுத்திவிட்டாள். அன்றைக்குப் பந்தியில் அவள் சாப்பிடவில்லை. இலையைத் தொட்டுவிட்டு மூடியதை நான் பார்த்தேன்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, அவளோடு மீன்கூடை தூக்கப் போனவள். காலையில் மடவை மீனும் நண்டும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குப் போவோம். ரோட்டோரம் அப்போது நாலைந்து கம்பெனிகள்தான் வந்திருந்தன. அதில் ஒன்று இரும்பு வார்க்கிற கம்பெனி. அதன் பின்னால் தொழிலாளிகளுக்கு வரிசையாக லைன் வீடுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நன்றாக விற்கும்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்புக் கதவைத் தரையில் வைத்து மெதுவாக இழுப்பது போல ஒரு உறுமல். அது அடங்கி, நாம் ஒரு மூச்சு விட்ட பிறகு இன்னொரு உறுமல். நான் பயந்துபோய் அண்ணியின் முந்தானையைப் பிடித்தேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றாள்.

உள்ளே ஒருவன் கரண்டு கிதார் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெயர் பாக்கியநாதன், கம்பெனியில் எலக்ட்ரீசியன். பக்கத்தில் பெரிய டிரம்மோடு இருந்தவன் ஜெயராஜ், கம்பெனியில் சம்மட்டி இயந்திரம் ஓட்டுகிறவன். அந்த இயந்திரம் விழுகிற வேகத்தில்தான் அவன் டிரம்மும் அடிப்பான். பாக்கியநாதனுக்குத் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு மச்சான், கப்பல்காரனிடமிருந்து வாங்கிய சீமை இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினானாம். மெதுவாக, கனமாக, இருட்டாக இருந்த அந்தச் சங்கீதம் பாக்கியநாதனைப் பிடித்துக்கொண்டது. கல்யாணங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த அவன் கச்சேரிக் குழுவில் மற்றவர்கள் ஓடிப்போக, மிஞ்சியது இவர்கள் இரண்டு பேரும் ஒரு ஆர்மோனியக்காரரும்.

"இன்னா தம்பி, எழவு ஊட்டு மோளம் மாதிரி கீது?" என்றாள் அண்ணி.

பாக்கியநாதன் கோபித்துக்கொள்ளவில்லை. "அதேதான்க்கா. நாலு பாட்டுக்காரங்க வந்தாங்க. ஒருத்தருக்கும் இதுல பாட வரல. சினிமா மாதிரியே இழுக்கறாங்க."

"எழவு மோளத்துக்கு எழவுப் பாட்டுதான் பாடணும்."

"உனுக்குத் தெரியுமா?"

அவள் நிலைப்படியில் சாய்ந்தபடியே ஒரு வரி எடுத்தாள். ஜெயராஜ் குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் மீனை விற்றுவிட்டு மத்தியானத்தில் அங்கே போவோம். முதலில் பெரிய தகராறு சுருதியில்தான். ஆர்மோனியக்காரர், "இன்னும் தூக்குங்கம்மா, பொம்பளைக்கு இது சுருதியே இல்ல" என்பார். "சாவு ஊட்ல எவன் சுருதி வெச்சிக்கினு குந்தினு இருக்கான்?" என்பாள் இவள். மூன்றாவது வாரம் அவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் பாக்கியநாதன் வேறு வழியில் போனான். அவள் குரலைத் தூக்குவதற்குப் பதிலாகத் தன் கிதார்க் கம்பிகளைத் தளர்த்தினான். அவள் குரலின் அடிமட்டத்தைத் தொடும்வரை தளர்த்தினான். கம்பிகள் தொளதொளவென்று ஆகி, தட்டினால் ஏதோ மிருகம் மூச்சு விடுவது போலக் கேட்டன. அவனுடைய ஸ்பீக்கரில் காகிதம் கிழிந்திருந்தது. ஜெயராஜ் அதை மாற்றச் சொன்னான். "அந்தக் கிழிசல்லதான்டா சத்தமே கீது" என்று இவன் மறுத்துவிட்டான். அந்தக் கரகரப்புக்கு நடுவில் அண்ணியின் குரல் தனியாக, கறுப்பாக எழுந்து வரும். அந்த நேரத்தில் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். கல்யாணப் பந்தியில் இலையை மூடிய முகம் அது இல்லை.

ஒப்பாரி என்றாலும் அவள் செத்தவர்களைப் பாடவில்லை. வற்றிய ஏரியை, கம்பெனிச் சங்கை, மீன்காரி என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட கண்டக்டரைப் பாடினாள்.

மறுவருஷம் ஆடி மாதம் எங்கள் குப்பத்துக் கங்கையம்மன் திருவிழாவுக்கு மைக்செட் வைக்கப் பாக்கியநாதனையே பேசினார்கள். அண்ணிதான் சொல்லிவிட்டாள். அவன் காலையிலேயே ஜெனரேட்டரோடு வந்து, பனைமரத்தில் குழாய் ஸ்பீக்கரை ஏரிப் பக்கம் பார்த்துக் கட்டினான். கூழ் ஊற்ற இன்னும் நேரம் இருந்தது. "மைக்கு சரியா கீதா பாக்கணும், ரெண்டு வரி சொல்லுக்கா" என்றான். அவளும் மைக்கைப் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த இரண்டு வரி எது? ஒப்பாரிதான்.

எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால் யாரும் தொழில் செய்யக்கூடாது. ஏரியில் இருந்தாலும் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட வேண்டும். அம்மனுக்குப் படைக்க நல்ல மீனாகப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை படகுகளும் அந்தக் குரலைக் கேட்டன. கெங்கம்மாள் அழுகிறாள் என்றால் ஏதோ ஒரு வீட்டில் பிணம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். சிலர் வலையை அறுத்தே போட்டுவிட்டார்கள். என் அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து ஓடிவந்தான். வாசலில் எங்கள் அம்மா முத்தம்மாள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மூச்சிரைக்க அவளையே பார்த்தான்.

"இன்னாடா, நானுன்னு நெனச்சிட்டியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா..."

"நெனச்ச. மூஞ்சியிலியே தெரியுது. அவ்ளோ அவசரமா உனுக்கு?"

சிரித்தது நாங்கள் மட்டும்தான். திருவிழா நாளில் செத்தவர் இல்லாத ஒப்பாரி. அதனால் அம்மனுக்கு மீனும் இல்லாமல் போயிற்று. அன்று மாலையே பஞ்சாயத்து கூடியது. ஊர்த்தலைவர் வீரராகவன் நல்ல மனிதர்தான், பயந்தவர். ஆள் சாகாமல் ஒப்பாரி சொன்னால் அது ஆளைத் தேடும் என்று நம்புகிறவர்.

"கெங்கம்மா, அம்மன் முன்னாடி சூடம் அடிச்சி சொல்லு. இனிமே மைக்கத் தொடமாட்டேன், எழவு ஊட்லதான் பாடுவேன்னு."

"சொல்லலன்னா?"

"உன்ன எந்தச் சாவுக்கும் கூப்புட மாட்டாங்க. உங்க ஊட்ல ஒண்ணு ஆச்சின்னா ஒரு பொம்பளயும் அழ வரமாட்டா. மோளமும் வராது."

எங்களில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அடிப்பதோ ஊரை விட்டுத் துரத்துவதோகூட இதற்குப் பிறகுதான்.

"செத்தவங்களுக்கு அழ நூறு பேர் கீறாங்க தலைவரே. உசுரோட கீறவளுக்கு எவ அழுவறா? அதத்தான் நான் பாடறன். சூடம் அடிக்க மாட்டன்" என்றாள் அண்ணி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். அதுவரை பகடி பேசியவள், இப்போது அழுதாள். அவள் வயசுக்குப் பயம் நியாயமானது.

"உனுக்கின்னாடி, நீ பாடிக்கினு போய்டுவ. நான் செத்தா எனுக்கு எவடி மாரடிப்பா? நாய் மாதிரி தூக்கினு போவாங்களா?"

"நான் இல்ல?"

"ஒருத்தி அழுதா அது ஒப்பாரியா?"

அண்ணி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு, "சரி அத்தே. உன் ஒப்பாரிய இப்பவே கேட்டுட்டுப் போயேன்" என்றாள்.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்குக் கம்பெனிக்குள் மேடை போட்டார்கள். இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, பிறகு கச்சேரி. அண்ணி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவை மடக்கு நாற்காலியில் மேடைக்கு நேராக உட்கார வைத்தோம். கச்சேரி என்றால் சினிமாப் பாட்டு என்று நினைத்து வந்தவர்கள்தான் அத்தனை பேரும். பாக்கியநாதன் முதல் கம்பியைத் தட்டியதும் பின்வரிசையில் ஊளையிட்டார்கள்.

"யோவ், யார் செத்துட்டாங்க? சினிமா பாட்டு போடுபா!"

அண்ணி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"சினிமா வோணும்னா கொட்டாய்க்குப் போ. இது எங்க மாமியாருக்கு நான் சொல்ற ஒப்பாரி. அதோ குந்தினு கீது பார், அதான் பொணம். கேக்கறவன் குந்து."

எல்லோரும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அசையாமல் இருந்தாள். ஜெயராஜ் டிரம்மில் ஒரு அடி கொடுத்தான்.

ஏரித்தண்ணி வத்திப்போச்சே, எம் மாமியாரே,
ஒன் ஏச்சு மட்டும் வத்தலியே
மீன்முள்ளு கரைஞ்சுபோச்சே, எம் மாமியாரே,
ஒன் சொல்முள்ளு கரையலியே

கூட்டம் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அடுத்த அடி இன்னும் மெதுவாக விழுந்தது. கிழிந்த ஸ்பீக்கர் உறுமிக்கொண்டே இருக்க, அண்ணியின் குரல் அதற்கும் கீழே இறங்கியது.

ரெண்டு புள்ள ஏரி கொண்டுபோச்சே, எந் தாயே,
ஒத்தச் சொட்டு நீ சிந்தலியே
வலை கிழிஞ்சா முடிச்சுப் போட்ட, எந் தாயே,
ஒன் வயிறு கிழிஞ்சத யார் முடிஞ்சா

எனக்கு மூத்தவர்கள் இரண்டு பேர் புயலில் போனதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. ஊளையிட்டவர்களில் சிலர் எழுந்து போனார்கள். போகாதவர்கள் பொரியை மெல்லக்கூட இல்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் கிடையாது. ஒப்பாரிக்கு யார் தட்டுவார்கள்?

பஸ்ஸில் வரும்போது அம்மா, "அந்த ஏச்சு வரிய எடுத்துடு, நான் அவ்ளோ ஏசறனா?" என்றாள்.

"ஏசறதுதான். இருக்கட்டும் அத்தே."

குப்பத்தில் சொன்னபடியே செய்தார்கள். தெருவில் சாவு விழுந்தால் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் மற்ற வீடுகளில் சொல்வார்கள். அண்ணி கூடையைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போய்விடுவாள். பொன்னேரி, சோழவரம், எண்ணூர் என்று கம்பெனி விழாக்களில் அவர்கள் பாடினார்கள். ஒரு ஊரில் அபசகுனம் என்று மைக் ஒயரை வெட்டிவிட்டார்கள். அவள் மைக் இல்லாமலே மிச்சத்தைப் பாடி முடித்தாள். இரண்டாம் தடவை அழைத்த இடங்கள் குறைவு. அதற்காக அவள் ஒரு பாட்டையும் மாற்றிக்கொள்ளவில்லை. பஞ்சாயத்தில் சூடமும் அடிக்கவில்லை.

எழுபத்தெட்டில், ஐப்பசி மழையில், அம்மா இறந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாள். பெண்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் தெருவைக் கடக்கவில்லை. நான் அழ வாயெடுத்தேன். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வோணாம்" என்றாள்.

வீட்டில் சத்தமே இல்லை. கூரையில் மழை மட்டும். ஒப்பாரி இல்லாமல் போகிற பிணம் ஏரியின் மீனையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் குப்பத்து நம்பிக்கை. மத்தியானம் ஆனதும் வீரராகவன் குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"இன்னா கெங்கம்மா, சத்தமே காணோம்?"

"இன்னா சத்தம் வோணும் தலைவரே?"

"எடுக்கற நேரமாச்சி. ஒரு வரியாவது சொல்லு. ஊருக்கு ஆவாது."

"எங்க அத்தைக்குப் பாடியாச்சி. கம்பெனியில, மைக்கு வெச்சி. கேட்டுட்டுத்தான் போச்சி."

"பேஜாரு பண்ணாத கெங்கம்மா. ஏரிய நம்பித்தான் எல்லாரும் கீறோம்."

"தள்ளி வெச்ச ஊட்டாண்ட வந்து ஒப்பாரி கேக்கறியே. நீதான பொம்பளைங்க நாக்கக் கட்டின, நீயே அவுத்து வுடு. எல்லாரும் வாசல்லதான் நிக்கறாங்க."

அவர் குடையை மடக்கினார். மறுபடி விரித்தார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவனையும் ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் தலைவர் தெருப்பக்கம் திரும்பி, யார் முகத்தையும் பார்க்காமல், "போங்க. போய் அழுங்க" என்றார்.

முதலில் வந்தது அவர் மனைவி லட்சுமியம்மாள். கொண்டையை அவிழ்த்துக்கொண்டே மழையில் ஓடிவந்தாள். அவள் பின்னால் மற்றவர்கள். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதார்கள். அண்ணி அவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பிணத்தை எடுக்கும்வரை அவள் வாயைத் திறக்கவே இல்லை.