லோரிக் கண்ணாடியில் ஒரு விமானச் சின்னம்

மாமாவின் காய்கறி லோரியில், முன் சீட்டில் உட்கார்ந்து பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று தோன்றியது. கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ரோஜா. போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தபோது நல்ல சிவப்பு. இப்போது இட்லி நிறம்.

“என்ன மாமா, ரோஜா இப்படி வெளுத்துப்போச்சு?”

“ஈப்போ வெயிலு தின்னுடுச்சும்மா. பசார்ல பகல் முழுக்க வண்டி காயுதுல்ல.”

எனக்கு வேண்டியது அந்த வெயில்தான்!

வீட்டில் ஒரு பொம்மைப் போர் விமானம் கட்டிக்கொண்டிருந்தேன். தானா ராத்தா டவுனில் ஒரு கடையின் மேல்தட்டில் கிடந்த பெட்டி. நான் பிறப்பதற்கு முன்னால் வந்த சரக்கு என்றார் கடைக்காரர். பிளாஸ்டிக் துண்டுகளை நறுக்கி, தேய்த்து, ஒட்டி, பச்சையும் மண்ணிறமும் பூசியாயிற்று. எங்கள் மலைத் தோட்டத்து மூடுபனியில் வர்ணம் காய்வதற்குள் என் பொறுமை காய்ந்துவிட்டது. மிச்சம், தண்ணீரில் நனைத்தால் தாளைவிட்டு வழுக்கி வரும் ஸ்டிக்கர்கள்: இறக்கைகளுக்கு நான்கு வட்டச் சின்னங்கள், வாலுக்கு எண்கள். அத்தனையும் பழுத்து மஞ்சளாகிக் கிடந்தன. அப்படியே ஒட்டினால் விமானத்துக்குத் தேமல் வந்த மாதிரி இருக்கும். முழுதாக முடித்துக் கொண்டுவந்தால் பள்ளி நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் வைப்பதாக ஆசிரியை சொல்லியிருந்தார். இருப்பதோ ஒரே ஒரு தாள்.

மஞ்சளை வெயில் தின்னட்டும் என்று அதை லோரிக் கண்ணாடியின் உட்பக்கம், சாலை வரி வில்லைக்குப் பக்கத்தில், படங்கள் வெளியே பார்க்கும்படி செலோடேப் போட்டு ஒட்டினேன். மாமா எட்டிப் பார்த்தார்.

“இது என்னா, ரோட்டெக்ஸ் பக்கத்துல இன்னொரு ரோட்டெக்ஸ்? போலீஸ்காரன் கேட்டா என்னா சொல்றது?”

“ஏரோப்ளேன் ரோட்டெக்ஸ்னு சொல்லுங்க மாமா.”

“என்னைப் புடிச்சு உள்ள வெச்சா நீதான் கோபிஸ் ஏத்திட்டு மலை எறங்கணும் லா!”

சின்னங்கள் மாமாவின் கோபிஸோடு, அதாவது முட்டைக்கோஸோடு, ஈப்போவுக்குப் போய்வர ஆரம்பித்தன. லோரி எங்கள் லயத்து வீட்டைத் தாண்டும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பேன். மஞ்சள் இறங்கிக்கொண்டே வந்தது. “இன்னும் ரெண்டு நடை போதும்” என்றார் மாமா, ஏதோ அவர்தான் கண்டுபிடித்தவர்போல.

அந்த இரண்டு நடைக்கு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிதோறும் மாமா வண்டியைக் கழுவி, விபூதி பூசி, கண்ணாடியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவார். எனக்கு அது தெரியாததல்ல. ஆனால் என் தாளும் அந்தக் கண்ணாடியில்தானே இருக்கிறது என்று தோன்றவே இல்லை. இரண்டு நடையும் முடிந்து தாளைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தாளின் முதுகில், சரியாக ஒரு வட்டத்தின் நடுவில், கொழகொழவென்று வைத்துக் காய்ந்த பெரிய சந்தனப் பொட்டு.

“மாமா! ஈரம் பட்டா அது கழண்டு வந்துடும்!”

“வண்டியில இருக்கிற சாமானுக்குப் பொட்டு வெக்காம வுடுறதா? வெளிச்சத்துல வட்டம் தெரிஞ்சுச்சு, தோதா இருக்கேன்னு வெச்சேன்.”

மெதுவாக உரித்தேன். எண்கள் வந்தன. மூன்று வட்டங்கள் வந்தன, ஓரமெல்லாம் பால் வெள்ளை. நான்காவது, தாளைவிட்டு வழுக்கி லோரிக் கண்ணாடியிலேயே குடியேறிக் காய்ந்திருந்தது. நகத்தால் கிளப்பினால் அப்பளம்போல நொறுங்கியது. மாமாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. கீழே இறங்கி வெளியிலிருந்து பார்த்தேன். கோபிஸ் லோரியின் நெற்றியில் விமானப்படைச் சின்னம்! என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அப்ப என் வண்டி பறக்குமா?” என்றார் மாமா, கொஞ்சம் தைரியம் வந்து.

இறக்கைகளின் மேலே இரண்டு, கீழே ஒன்று ஒட்டிவிட்டேன். இன்னொரு இறக்கையின் அடிப்பக்கம் மொட்டை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விடலாம். ஆனால் அந்த அலமாரியின் தட்டும் கண்ணாடி. முதலாம் படிவ வகுப்புப் பிள்ளைகள் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

அதனால் வட்டத்தை நானே வரையப்போகிறேன். காம்பஸில் பென்சில் இருக்கும் இடத்தில் மெல்லிய தூரிகை. முள் இறக்கையைக் குத்தாமலிருக்க, நடுவில் மடித்து ஒட்டிய செலோடேப். முதலில் நீலம், அது காய்ந்தபின் வெள்ளை, கடைசியில் சிவப்பு. நாளைக்குப் பால் டின் மூடியில் பழகிப் பார்க்கவேண்டும். அதில் ஒரு வட்டம் பிசிறில்லாமல் வந்துவிட்டால், அடுத்தது இறக்கை.